எதிர்ப்பு சக்தி

எதிர் வீட்டுத் தையல்காரருக்கு வைரஸ் காய்ச்சல். அவர் தங்கையோ காலையும் மாலையும் வந்து, ஒரு மாத்திரையை அவர் கையில் திணித்துவிட்டுத்தான் நகர்வாள். மருந்துக்கடைக்காரரைக் குடைந்ததில் விஷயம் கிடைத்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையாம்!

“காய்ச்சல்காரனுக்கு யாராவது இதைக் கொடுப்பாங்களா? வீட்டை அமுக்கப் பாக்கறா” என்றாள் மாடிவீட்டுக்காரி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

இன்று பொத்தான் வாங்கும் சாக்கில் அங்கே நுழைந்தேன். எனக்கு எடுத்துக் கொடுக்கத் தங்கைதான் டப்பாவைத் திறந்தாள். பொத்தான்களுக்கு நடுவே அத்தனையும் மாத்திரைகள்!

“முழுங்கிட்டேன், முழுங்கிட்டேன்னு சொன்னியே அண்ணா!”

“காய்ச்சலை விரட்ட எதிர்ப்பு சக்தி வேணும்மா. என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

சரியான போடு என்று உள்ளுக்குள் கைதட்டினேன்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“உடம்பு உன்னோடதுதான். உள்ள இருக்கிற கிட்னி என்னோடதாச்சே! உன் எதிர்ப்பு சக்திக்குக் கிருமியும் அதுவும் ஒண்ணுதான். அடிச்சு விரட்டிடும்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியாதா? வேணாம்னா, நான் கிட்னி கொடுக்கறப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா.”