நாலு பத்துக்குத் தாழும் தரை

“சூரியன்னா ஞாயித்துக்கிழமையும் வரணுமே சார். சூரியனுக்கு ஏது வார லீவு?”

தச்சர் சொன்னதும் தலைமைப் பொறியாளர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மில்லிமீட்டர். அந்த அளவுக்கு மேல் அவர் உதடு விரிந்து யாரும் பார்த்ததில்லை.

“அப்ப பஸ்ஸா இருக்குமோ?”

“பஸ் நாள் பூராப் போகுது சார். நாலு பத்துக்கு மட்டும் ஆட, இதென்ன சொல்லிவச்ச மாதிரி?”

நாங்கள் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் பழைய நூலகத்தின் மேற்கு மாடத்தின் மரத்தரை, தினமும் மாலை நாலு பத்துக்கு அரை மில்லிமீட்டர் தாழ்ந்துகொண்டிருந்தது. நாலரைக்கு ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்துகொள்ளும். ஞாயிறு மட்டும் ஓய்வு.

இதைக் கண்டுபிடித்தவர் ஜோசியர்.

அது ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள். கட்டடம் முழுக்க ஒட்டியிருக்கும் சென்சார்களைப் படித்து, எந்த உத்தரம் எத்தனை நாள் தாங்கும் என்று கணித்துச் சொல்லும். அதன் உண்மையான பெயர் யாருக்கும் நினைவில்லை.

தச்சர் ஒட்டுப்போட்ட உத்தரத்தில்தான் கோளாறு, இரண்டு வருடம் தாங்காது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஒன்பது நாளுக்கு முன் அதை அப்படியே மில்லிமீட்டருக்கு அனுப்பியவள் நான். தச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுகிறார்.

“காரணம் தெரியலைன்னா நாளைக்குக் காலைல மரத்தரையைப் பேத்துடுவாங்க. கான்கிரீட்தான்,” என்றார் மில்லிமீட்டர். “அஞ்சு மணிக்கு அறிக்கை போகணும்.”

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நகத்தால் சுரண்டினார். நாலு மாதம் உட்கார்ந்து இழைத்த தரை.

“மேடத்தையே கேளுங்க சார். ஜோசியர் பாஷை அவங்களுக்குத்தான் புரியும்.”

குத்தல் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது.

வரைபடத்தை என் பக்கம் இழுத்து, முதல் நாளிலிருந்து பார்த்தேன். ஒரு மாதம் நேர்கோடு. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பள்ளம்.

அது எந்தச் செவ்வாய்க்கிழமை என்று நினைவு வந்ததும் காது மடல் சூடாகிவிட்டது.

அங்கிருந்து வரிசையாகப் பள்ளங்கள். ஒன்பது நாளுக்கு முன் திடீரென்று ஆழம் குறைந்திருந்தது. அதற்குக் கீழே ஜோசியர் எழுதியிருந்தார்: ‘தாழ்வு சுமார் பாதி. காரணம் தெரியவில்லை.’

சரியாகப் பாதி இல்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே.

என் எடை ஐம்பத்தைந்து. அவனுடையது அறுபத்தைந்து.

மேற்கு மாடத்தில் ஒரே ஒரு ஜன்னல். டீ டம்ளரோடு இரண்டு பேர் தெருவை வேடிக்கை பார்க்க வேண்டுமானால் நெருங்கித்தான் நிற்க வேண்டும். நான் அங்கே ஏறி ஒன்பது நாளாகிறது.

அதன் அடியில் சென்சாரை ஒட்டியதும் நான்தான். கட்டடத்தை மட்டும்தான் அளக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கடைசிப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். நேற்று. நாலு பத்திலிருந்து நாலரை வரை.

“சார், உத்தரத்துல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது. இன்னிக்கே எடை வச்சுக் காட்டிடறேன்.”

“எத்தனை கிலோ?”

“நூத்தியிருபது.”

“மணல் மூட்டைக்குச் சொல்லவா?”

“வேணாம் சார். அறுபத்தஞ்சு கிலோ தினமும் தானாவே மேல போயிட்டிருக்கு.”

பென்சிலைச் சுரண்டிய நகம் நின்றது.

மில்லிமீட்டர் என்னைப் பார்த்தார். தச்சரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். உதடு இரண்டு மில்லிமீட்டராவது விரிந்திருக்கும்.

நாலு பத்துக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

பென்சில் பிடித்திருந்த அவன் பக்கம் திரும்பினேன். எல்லார் எதிரிலும் கூப்பிடுவதுபோல் ‘மாஸ்டர்’ என்று தொடங்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

“வரும்போது எனக்கும் ஒரு டீ எடுத்துட்டு வர்றியா?”