கதவு திறக்கும்போதெல்லாம்

மருந்துக் கம்பெனி வேலையைவிட்டு அனுப்பிய பிறகு என் கணவர் போன முதல் இன்டர்வியூ அது. முடித்து வெளியே வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வருடக்கணக்காக அவர் மருந்துப் பையோடு போய் நின்ற டாக்டரிடமே இழுத்துப்போனேன். கழுத்து டையைப் பார்த்த வரவேற்புப் பெண், "மெடிக்கல் ரெப்பெல்லாம் கடைசியிலதான். ஓரமா உட்காருங்க" என்றாள்.

"பேஷன்ட்டுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"சும்மா இரு வத்சலா. புதுக் கம்பெனியில இந்த டாக்டர்கிட்டதான் என்னைப் பத்தி விசாரிப்பாங்க. முந்திக்கிட்டுப் போனா கோவிச்சுக்குவாரு."

நானே சொல்ல எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தார். கதவு திறக்கும்போதெல்லாம் வேர்த்த முகத்தோடு நிமிர்ந்து உள்ளே பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன். கடைசி நோயாளி வெளியே போனபோது சுவரோடு சரிந்தார். டாக்டர் வந்து நாடி பார்த்தார். கையை மெல்லத் தரையில் வைத்தார்.

"யாரும்மா இவரு? எந்தக் கம்பெனி?"