கொழுப்பில்லாத விருந்து

"ஏண்டி, இது பிராச்சோலேயா, பத்தியச் சாப்பாடா?"

முள்கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்டான் அனியெல்லோ.

மேசையைச் சுற்றி, ஊர்ப் புனிதரான சான் ரோக்கோவின் சப்பரம் தூக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, முன்வரிசையில் தோள் கொடுப்பவன் வீட்டில்தான் எல்லோருக்கும் சாப்பாடு. அந்த இத்தாலிய மலையூரில் வழக்கம் அப்படி.

மாட்டுக்கறியை மெல்லிசாகத் தட்டி, பன்றிக்கொழுப்பும் சீஸும் உள்ளே வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தக்காளிச் சாற்றில் காலையிலிருந்து கொதிக்கவிட்டால் அது பிராச்சோலே. அவன் மனைவி எல்வீரா செய்ததில் கொழுப்பும் இல்லை, சீஸும் இல்லை. கீரையும் ரொட்டித்தூளும்தான். சாற்றின் மேல் பேருக்குக்கூட எண்ணெய் மிதக்கவில்லை.

"பூண்டு தாராளமா போட்டிருக்கேங்க," என்றாள் எல்வீரா.

"பூண்டு போட்டா ஆச்சா? எங்கம்மா இதைச் செஞ்சா தெருவுல போற நாய்கூட நின்னு பாத்துட்டுப் போகும். இதுக்கு ஈகூட வராது!"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ரொமோலோ மட்டும் லேசாக இருமினான்.

அனியெல்லோவுக்குக் காது மடல் சுட்டது. ஊரே சாப்பிட வந்த நாளில் இப்படி மானம் போகிறதே! காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டான். "எனக்குத் தனியா செஞ்சு வை, அவங்களுக்கு ஒழுங்கா செய்" என்றான்.

"ரெண்டு பாத்திரம் வச்சா ஏன்னு கேக்க மாட்டாங்களா?" என்று அவள் அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அதுவும் சரிதான். குளிர்காலத்தில் அவனுக்கு வந்தது மாரடைப்பு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஊரில் சிறுநீரகக் கல் என்று சொல்லிவைத்திருந்தான். உண்மை தெரிந்தால் சப்பரத்தின் பக்கமே விடமாட்டார்கள். முப்பது வருஷமாக முன்கம்பில் நின்றவன், தெருவோரம் பெண்டு பிள்ளைகளோடு நின்று கைதட்ட வேண்டியதுதான். அதற்கு அந்த மாரடைப்பிலேயே போயிருக்கலாம் என்று நினைத்தான்.

டாக்டர் பாரம் தூக்கவே கூடாது என்றார். எல்வீரா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அவன் மசியவில்லை.

இப்போது எல்வீரா விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடதுதான். எனக்கு வயிறு சரியில்ல. கொழுப்பு ஆகாதுன்னுட்டாங்க. என்னால இவரும் வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்காரு."

அவனைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். அவன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயந்தவன் வாய் சும்மா இருக்குமா?

"கேட்டீங்களா? இவ வயித்துக்கு நான் பட்டினி! இப்படி ஒருத்திய கட்டிக்கிட்டு நான் படற பாடு அந்த சான் ரோக்கோவுக்குத்தான் தெரியும்!"

எல்வீராவின் முகம் செத்துவிட்டது. காலி ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அனியெல்லோவுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. இருந்தும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, இன்னும் ரெண்டு கொண்டா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான் மொடஸ்டீனோ. சப்பரத்துக்கு அவன்தான் தலைவன்.

"எனக்கும் அண்ணி," என்றான் ரொமோலோ. எந்த வீட்டில் போட்டாலும் குறை சொல்கிற வாய் அது. அன்றைக்கு ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டது. பாத்திரம் காலியானது.

அனியெல்லோவுக்கு மூச்சு வந்தது. நல்லவேளை, நம்பிவிட்டார்கள்.

காப்பி குடிக்கும்போது மொடஸ்டீனோ இடம் பிரித்தான்.

"முன்கம்புல நடுவுல அனியெல்லோ. வலது பக்கம் ரொமோலோ. இடது பக்கம் அவன் தம்பி."

அனியெல்லோவின் கோப்பை பாதி வழியில் நின்றது. ரொமோலோ சகோதரர்கள் வாசலில் தலை குனிந்து வருகிற நெட்டையர்கள். அனியெல்லோ அவர்கள் தோளுக்குக்கூட வரமாட்டான். ஒரே உயரத்து ஆட்களைத்தான் ஒரு கம்பில் நிறுத்துவார்கள். நெட்டையர் நடுவே குட்டையன் நின்றால் கம்பு அவன் தோளைத் தொடவே தொடாது. சும்மா கூட நடந்து வரலாம்.

"என்னப்பா, ஆள் மாத்திச் சொல்றியா? இவனுங்க நடுவுல நின்னா எனக்குப் பாரமே வராதே?"

"வர வேணாம்னுதான்."

எல்லோரும் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூட ஆச்சரியப்படவில்லை. அனியெல்லோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"யாரு... யாரு சொன்னது?"

மொடஸ்டீனோ சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் வாயே திறந்திருக்க மாட்டேன்டா. ஆனா நீ இன்னிக்கு அவளைப் பேசுன பேச்சு எனக்குப் பொறுக்கல. நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரமே எல்வீரா எங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்தா. 'அவரு சொன்னா கேக்க மாட்டாரு. அவரு இடத்தைப் புடுங்கிடாதீங்க, பாரத்தை மட்டும் நீங்க வாங்கிக்குங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. போறப்போ திரும்பி நின்னு இன்னொன்னும் கேட்டுக்கிட்டா. 'உங்களுக்கெல்லாம் தெரியும்ங்கிறது மட்டும் அவருக்குத் தெரிய வேணாம். பாவம், வெக்கப்படுவாரு.'"