இரண்டு லீவுக்கு நடுவில்

தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் நாள்தானே வரவேண்டும்? அவளுக்கு வேலி வந்தது.

கம்ப்யூட்டரில் கட்டத்துக்குக் கட்டம் முள்வேலி மாதிரி ##### குறிகள். பாதி வரிசையில் நாள் முதலில் இருந்தது, மீதியில் மாதம் முதலில். அந்தக் கணக்குப்படி ஸ்டோர்கீப்பர், போன லீவுக்கு முன்னாலேயே அடுத்த லீவை எடுத்து முடித்திருந்தார்.

"இவரு பொறக்கறதுக்கு முன்னாடியே ரிடையரும் ஆயிருப்பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு தேதியாகத் திருத்தினாள்.

மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் மேனேஜர் காலையில் இட்ட உத்தரவு இது. ஆபீஸில் ஒவ்வொருவரும் ஒரு லீவுக்கும் அடுத்த லீவுக்கும் நடுவே எத்தனை நாள் தாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும். யாருடைய இடைவெளி எல்லாரையும்விடக் குறைச்சலோ, அவருக்கு அடுத்த மாதம் முதல் வேலை கிடையாது. ஆள் குறைப்பாம்.

அது தானாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். சின்னவன் தவழத் தொடங்கியதிலிருந்து காய்ச்சல், சளி, கீழே விழுந்தான், மேலே ஏறினான் என்று அவள் எடுக்காத லீவா?

ஒருவழியாக வேலியெல்லாம் விலகி எண்கள் வந்தன. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். அவள் பெயர் நடுவில் எங்கேயோ இருந்தது. எல்லாருக்கும் மேலே, இருப்பதிலேயே குறைந்த இடைவெளியோடு, அத்தை.

சொந்த அத்தை இல்லை. முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பவர், எல்லாருடைய லீவையும் பதிவு பண்ணுபவர். ஆபீஸ் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும்.

போன உயிர் திரும்பி வந்ததும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தனிக்கட்டை. பிள்ளையா குட்டியா? எதற்கு இத்தனை லீவு? இதில் மற்றவர்கள் லீவைக் கவனிக்கிற உத்தியோகம் வேறு.

மேனேஜர் வந்து திரையை எட்டிப் பார்த்தார். கைக்குழந்தைக்காரி, நீதான் முதலில் நிற்பாய் என்று நினைத்தேன் என்றார். உன் கணக்கை நீயே போட்டால் இப்படித்தான் வரும், மறுபடி பார் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து கண் பூத்துப்போக உழைத்தவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? நீயே பார்த்துக்கொள் என்கிற மாதிரி, தன் பெயருக்கு நேரே இருந்த லீவு தேதிகளை விரித்தாள்.

சின்னவனுக்கு அம்மை போட்டிருந்த வாரம் அதில் இல்லை.

மூக்கில் பொத்தானைத் திணித்துக்கொண்டவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாளே, அந்த நாளும் இல்லை.

கீழே மேலே தேடினாள். இரண்டும் அத்தையின் பெயருக்கு நேரே இருந்தன.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பதறிப்போய் ஆபீஸுக்குப் போன் போட்டபோது, எடுத்துப் பேசியது யார்? "நீ புள்ளைய பாரும்மா, இங்க நான் பாத்துக்கறேன்" என்றது அத்தைதானே? லீவில் இருக்கிற மனுஷி ஆபீஸ் போனை எப்படி எடுப்பார்?

முன்னறையில் அத்தை யாரிடமோ ஃபைல் கேட்டு அலுத்துக்கொள்வது கேட்டது.

"என்ன, கணக்கு தப்பா?" என்றார் மேனேஜர்.

அவள் திரையில் அத்தையின் வரிசையைத் தொட்டுக் காட்டினாள்.

"கணக்கு சரிதான் சார். பேருதான் மாறிப்போச்சு. அத்தை பேர்ல இருக்கற லீவெல்லாம் நான் எடுத்தது."