இடது பக்கம் முக்கால் அங்குலம்

தனக்கோடியின் டாக்சி பின்னால் இடது பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்து நின்றது. சுமை ஏறினால், பின் அச்சைத் தாங்கும் கமான் பட்டையின் வளைவு நிமிர்ந்து, பட்டை நீளும். அந்தப் பக்கத்துச் சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு வண்டி கோணலாக ஓடும். மறுநாள் காலை ஆய்வில் தேறாவிட்டால் பெர்மிட் போய்விடும். ஆனால் வண்டியில் சுமை எதுவும் இல்லை.

அல்சூரில் பட்டறை வைத்திருந்த ரெமிஜியஸ், இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் இடம் மாற்றிப் பூட்டினார். குறை பட்டையில் இருந்தால் தாழ்வு வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"காலி வண்டியத்தானே அளக்கிறீங்க அண்ணே?"

"பின்னே, உன் மாமியார உக்கார வச்சிருக்கேனா?"

தனக்கோடி இடது பின்கதவைத் திறந்தான். பட்டை முனகியது. வண்டி மெல்ல எழுந்தது.

"கதவ ஏன்டா தொறந்தே?"

"தொப்பி உள்ள இருக்குதுண்ணே."

ரெமிஜியஸ் அளந்தார். இரண்டு பக்கமும் சமம். கதவை மூடி, இருவரும் முன்னால் உட்கார்ந்து சிவாஜிநகர் வரை போய் வந்தார்கள். மறுபடி முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது.

மறுநாள் ஆய்வாளர் அளவுகோலை எடுப்பதற்கு முன், தனக்கோடி இடது பின்கதவைத் திறந்து பிடித்து, ஓர் ஆள் இறங்கும் நேரம் நின்று, மூடினான். வண்டி தேறியது.