விரல் நுனிக் கறுப்பு

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பகல் முழுக்க மூடுபனி நிற்கிறது. மகள் ராக்காயிக்கு நேற்றுத்தான் கருமாதி முடிந்தது. பழனியாண்டி வாசல் வெளிச்சத்தில் குந்தி, சாண் உயரம்கூட இல்லாத களிமண் பொம்மைக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருக்கிறான். கொழுந்து பறிக்கிற பெண். சீமைக்குத் திரும்பும் துரைக்கு நாளை தோட்டத்து ஆட்கள் கொடுக்கும் பரிசு. சேலை மடிப்பில் நிழல் விழுவதற்காக, விளக்குக்கரி கரைத்த தண்ணீரைத் தொட்டு வைக்கிறான். பளபளக்கும் பெயின்ட் மேல் அது ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. தூரிகையை ஈரச் சவுக்காரத்தில் தடவி மறுபடி வைக்கிறான். இப்போது கரித்தண்ணீர் பரவி, மடிப்புகளுக்குள் தானாக இறங்குகிறது. இறங்கியது நிற்காமல் பொம்மையின் கை வழியே வழிந்து அதன் வலது விரல்களில் தேங்குகிறது. காய்ந்த தூரிகை நுனியால் உறிஞ்சி எடுக்கிறான். துணியால் ஒற்றுகிறான். விரல் நுனியில் கறுப்பு அப்படியே இருக்கிறது. அடுப்பில் ஈர விறகு சீறுகிறது. "வெரலு அழுக்காத் தெரியுது. தொர என்னா நெனப்பாரோ," என்கிறான், யாரிடமோ சொல்வதுபோல. அடுப்படியிலிருந்து மனைவி காளியாயி திரும்பிப் பார்க்கிறாள். "விடுங்க. அந்தச் சவுக்காரத்தப் போட்டுத்தான் புள்ள கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுனேன். கொழுந்துக் கறை போகவே இல்ல. அதோடதான குழியில வச்சோம்." அவள் குரல் உடையவில்லை. அவன் துணியைக் கீழே வைக்கிறான். தூரிகையைக் கரித்தண்ணீரில் முக்கி, பொம்மையின் இடது விரல்களையும் கறுப்பாக்குகிறான்.