மாமனார் மாட்டிய செயின்

“மூத்தவன் நான் இருக்கும்போது, ரம்பம் இளையவருக்கு எப்படி மாமா போகும்?”

பெரிய மாப்பிள்ளை இப்படிக் கேட்டபோது, சின்ன மாப்பிள்ளை பக்கத்திலேயே கையில் எண்ணெய்த் துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

மரம் அறுக்கிற பழைய சங்கிலி ரம்பம் அது. மாமனாரின் அப்பா வாங்கியது. மாமனார் அதை வைத்துத்தான் இரண்டு பெண்களையும் கரையேற்றினார். அப்புறம் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. அப்போதெல்லாம் பெரிய மாப்பிள்ளை அதற்கு வைத்திருந்த பெயர், குப்பை.

பம்ப் மெக்கானிக்கான சின்ன மாப்பிள்ளைதான் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். பிஸ்டன் வளையத்துக்காகப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். எங்கேயும் கிடைக்காத ஸ்பிரிங்கைத் தானே வளைத்துச் செய்தார். கார்புரேட்டரைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். அது மனைவியின் பிரஷ் என்பது மறுநாள் காலையில்தான் தெரியவந்தது.

ரம்பத்துக்கு உயிர் வந்தது. உடனே பெரிய மாப்பிள்ளைக்கும் பாசம் வந்துவிட்டது.

“அடுத்த வாரம் என் ஃபர்னிச்சர் ஷோரூம் திறப்பு விழா மாமா. ஊர்ல எல்லாரும் ரிப்பன் வெட்டுவாங்க. நான் இதால ஒரு கட்டையை அறுத்துத் திறக்கப்போறேன். அப்புறம் சுவத்துல தொங்க விட்டுட்டு, கீழே ‘எங்கள் பரம்பரைச் சொத்து’ன்னு ஒரு போர்டு!”

“இது ஓடுற மெஷின் சகலை. சும்மா தொங்க விட்டா மறுபடியும் துருப்பிடிச்சிடும்” என்றார் சின்னவர் மெதுவாக.

“அதுக்கென்ன, நீங்க அப்பப்ப வந்து துடைச்சு வச்சுட்டுப் போங்க.”

சின்னவர் மாமனாரைப் பார்த்தார். பேச ஆரம்பித்தால் மனிதரே ஒரு ரம்பம். அன்றைக்கென்று பார்த்து வாயே திறக்கவில்லை. கடைசியில் தலையை ஆட்டினார்.

“சரி மாப்பிள்ளை, எடுத்துக்குங்க. ஆனா செயினை நான்தான் மாட்டுவேன். ரிப்பேர் பார்த்த ரம்பத்துக்கு வீட்டுப் பெரியவங்கதான் செயின் மாட்டணும். அது எங்க அப்பா காலத்துப் பழக்கம்.”

ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவர், வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். பிளேடுக்கு உறையும் போட்டிருந்தார்.

வாசலில் ஒத்திகைக்குக் கட்டை தயாராக இருந்தது. மூத்த மகள் செல்போனில் படம் பிடிக்க, பெரிய மாப்பிள்ளை உறையைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே ரம்பம் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் செல்போனைப் பார்த்துச் சிரித்தபடி கட்டையில் வைத்து அழுத்தினார்.

அறுபடவில்லை. இன்னும் அழுத்தினார். புகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கட்டை கருகியதே தவிர, பிளேடு ஒரு நூல்கூட உள்ளே இறங்கவில்லை. பெரிய மாப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது.

சின்னவர் ஓடிப்போய் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

செயின் திருப்பி மாட்டியிருந்தது. முன்னால் பார்க்கவேண்டிய பற்களெல்லாம் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி மாட்டினால் புகைதான் வரும், மரம் அறுபடாது. முதல் நாள் வேலைக்கு வருகிறவன் செய்கிற தப்பு. ஆயுசு முழுக்க மரம் அறுத்த மனிதர் செய்திருக்கிறார். மாமனாரின் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்க்கவே சின்னவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“என்ன சகலை கோளாறு?”

“என் தப்புதான். இன்ஜின்ல எதையோ கோட்டை விட்டுட்டேன்.”

அதுவரை சும்மா இருந்த மாமனாருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

“என்ன மாப்பிள்ளை இது? மரம் அறுக்கிற மெஷினைக் கொசு விரட்டுற மெஷினா ஆக்கி வச்சிருக்கீங்க! இதுக்கா இத்தனை மாசம் குந்திக்கிட்டிருந்தீங்க? தூக்கிட்டுப் போங்க! இனிமே இது என் கண்ணுலயே படக்கூடாது!”

பெரிய மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

“நல்லவேளை. விழாவுல அத்தனை பேர் முன்னாடி மானம் போயிருக்கும். எனக்கு ரிப்பனே போதும் மாமா.”

சாயங்காலம் வீட்டில் சின்ன மாப்பிள்ளை செயினைச் சரியாக மாட்டிக் கட்டையில் வைத்தார். துண்டு நொடியில் கழன்று விழுந்தது. நடந்ததைக் கேட்டு மனைவி கொதித்துப் போனாள்.

“தப்பைப் பண்ணினது எங்கப்பா. அதுக்கு நீங்க எதுக்குப் பழியை ஏத்துக்கிட்டீங்க? அவரும் வாய்க்கு வந்தபடி திட்டினாரே, வயசானா நியாயம்கூடவா மறந்துபோகும்?”

“விடு. பாவம், கண்ணு தெரியல.”

அந்த நேரம் பார்த்து மாமனாரிடமிருந்தே போன்.

“என்ன மாப்பிள்ளை, அறுக்குதா?”

“ஜம்முன்னு அறுக்குது மாமா.” அவர் கொஞ்சம் தயங்கினார். “மாமா, தப்பா நினைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல கண் டாக்டர் ஒருத்தர் இருக்கார். ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்துடலாமா?”

மறுமுனையில் மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. இந்தக் கைதான் பாழாப்போன கை. தப்பா மாட்டணும்னு உட்கார்ந்தா, முதல் ரெண்டு தடவையும் பழக்கத்துல சரியாவே மாட்டித் தொலைச்சிடுச்சு!”